எசன் நகரின் ஏறு தழுவிய ஏந்தல்

உலகில் காளைக்கு முன்னால் ஓடத் துணிந்த இனங்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஸ்பானியர். மற்றது, ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தமிழ்த் தெரு.

தெருவின் சார்பில் ஓடியவர் அடுத்த வீட்டு மகேந்திரராஜா. களஞ்சியமொன்றில் பெட்டி தூக்கும் வேலை. ஜூலையில் முதுகுப் பிடிப்பென்று இரண்டு கிழமை மருத்துவ விடுப்பு எடுத்திருந்தார். அந்த இரண்டு கிழமையும் அவர் வீட்டுத் தொலைக்காட்சி என் சுவருக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டே இருந்தது. மூன்றாம் கிழமை கைபேசியில் ஒரு படத்தோடு வெளியே வந்தார். ஸ்பெயினின் ஏதோ சிற்றூர்த் திருவிழா. ஒடுங்கிய தெரு, சீறிவரும் காளை, அதற்கு முன்னால் சிவப்புக் கழுத்துத்துண்டோடு ஓடும் ஒருவரின் முதுகு.

"நான்தான்," என்றார்.

மருத்துவர் அசைக்க வேண்டாம் என்ற அதே முதுகு. கோடையில் எங்கும் போகாதவரை எங்கள் தெரு மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் பதினாறு பேருக்குச் சொன்னேன்.

எங்கள் தமிழ்க் கலாசார ஒன்றியம் அவசரமாகக் கூடியது. "ஏறு தழுவுறது எங்கட இரத்தத்திலை இருக்கு. ஸ்பெயின்காரன் எங்களைப் பாத்துப் பழகினவன்," என்று தலைவர் கிருஷ்ணமூர்த்தி "ஆய்வுரை" நிகழ்த்தினார். "ஏறு தழுவிய ஏந்தல்" பட்டம் ஏகமனதாக நிறைவேறியது.

"தழுவேல்லை அண்ணை, ஓடினவர்," என்றார் செயலாளர் சுபத்ரா.

"ஓடாமல் எப்பிடிப் பிள்ளை தழுவிறது?"

விளக்கேற்ற ஒரு ஜெர்மன்காரர் இல்லாவிட்டால் எங்கள் விழா விழாவே அல்ல. ஏந்தலுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமென்று அவருடைய மேலாளர் ஜூலியனையே அழைத்துவிட்டார்கள்.

ஜூலியன் விளக்கேற்றினார். நிமிர்ந்தார். பின்திரையில் காளை, கீழே கொட்டை எழுத்தில், ஜெர்மனில், ஓடிய திகதி. சால்வையோடு நின்ற ஏந்தலிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கிழமை உங்கள் முதுகு?"

ஒரு பக்கம் வேலை, மறு பக்கம் வீரம். ஒலிவாங்கியை நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மகேந்திரராஜா முதலில் ஜெர்மனிலும் பிறகு தமிழிலும் சொன்னார். "நான் ஓடேல்லை. ஸ்பெயினுக்கே போகேல்லை. மச்சான் அனுப்பின படம். நான் எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டிலை கிடந்தனான். வேணுமெண்டால் பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கோ."

நான் எழுந்து, அந்த இரண்டு கிழமையும் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடிய நாடகங்களின் பெயர்களைக் கிரமமாக ஒப்புவித்தேன். ஜூலியன் தலையசைத்தார். வேலை தப்பியது.

தலைவர் வந்து சால்வையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஜூலியனுக்குப் போர்த்தினார்.

"அப்ப எனக்கு?"

"தம்பி, முப்பது வருசமாய் இந்த மேடையிலை பட்டம் குடுக்கிறம். உண்மை சொன்ன ஆளுக்கு என்ன குடுக்கிறதெண்டு எங்கட ஒன்றிய யாப்பு விதியளிலை இல்லை."

முன்வரிசையில் இருந்த பழைய ஏந்தல்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.