எலி இல்லாத எட்டு வீடு

எலியே நுழைய முடியாத கட்டடம் இந்த உலகத்துல ஒண்ணே ஒண்ணு இருக்குன்னா, அது எங்க கட்டடம்தான். இதை நான் படிக்கிற மேஜை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு எழுதுறேன். கால் ரெண்டையும் மடக்கி வச்சிருக்கேன். கீழே தொங்க விட மாட்டேன். கீழே எலி இருக்கலாம்.

'இருக்கலாம்'னு சொல்லக் கூடாது, மன்னிச்சுக்கோங்க. தலைவர் வீட்டுல எலி இருக்கவே முடியாது. தலைவர் எங்க அப்பா. 'எலி நுழைவுத் தடுப்பு உயர்மட்டக் குழு'வோட தலைவர். அவர் வீட்டு பாத்ரூம்லதான் இன்னிக்கு சாயங்காலம் நான் முகம் கழுவிக்கிட்டு இருக்கும்போது கமோடுக்குள்ள இருந்து ஒரு தலை மேல வந்துச்சு. ஈரத் தலை. மீசை வேற. கதவைத் தட்டாம நான்தான் உள்ளே வந்துட்ட மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துச்சு.

பாதிக் கத்தல்தான் வெளியே வந்துச்சு. மீதிப் பாதியை அம்மா ஓடி வந்து உள்ளங்கையால அமுக்கிட்டாங்க.

"கத்தாதடி! எதிர் வீட்டுக்குக் கேட்டுடும்!"

"எலிம்மா!"

"தெரியுது. அதை மெதுவா சொல்லு."

அப்பா துடைப்பத்தோட வந்தார். வாசப்படி வரைக்கும்தான் வந்தார். அங்கேயே நின்னு, "அது எலிதான்னு உறுதி செய்யப்பட்டுச்சா?"ன்னு கேட்டார்.

"உள்ளே போய் நீங்களே உறுதி பண்ணுங்களேன்"னு அம்மா வழி விட்டாங்க.

அப்பா ஒரு அடி பின்னால போனார். "தலைவர் நேரடியா களத்துல இறங்கக் கூடாது. அது மரபு இல்ல."

கடைசியில அம்மாதான் கமோடு மூடியை டபார்னு சாத்தினாங்க. மேல வைக்க கனமா ஏதாவது வேணும்னு ஹால்ல போய்த் தேடினாங்க. வீட்டுலயே கனமான பொருள் அப்பாவுக்குக் குழு கொடுத்த கேடயம்தான். 'எலித் தடுப்பில் ஈடு இணையற்ற சேவை'ன்னு அதுல பொறிச்சிருக்கும். இப்போ அந்தச் சேவை கமோடு மேல உட்கார்ந்திருக்கு. உள்ளே ஒண்ணு நீச்சல் அடிச்சுக்கிட்டு இருக்கு. வெளியே இன்னொண்ணு இருக்கான்னு யாருக்கும் தெரியாது. அதான் நான் மேஜை மேல.

எங்க குழுவோட வீர வரலாறு உங்களுக்குத் தெரியாது இல்ல? சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

எல்லாம் மேல் மாடி பல் டாக்டர் வீட்டுல ஆரம்பிச்சுச்சு. அவரோட சோப்பை எலி கடிச்சிருச்சு. வண்டி நிறுத்துற இடத்துல பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தப்போ, அந்த சோப்பை எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டினார். கடிச்ச தடத்தை உத்துப் பார்த்துட்டு, "முன்பல் ரெண்டும் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு"ன்னு அறிக்கை கொடுத்தார். ஜனங்க பயந்து போயிட்டாங்க. அப்பா எழுந்து பேச ஆரம்பிச்சார். நிறுத்தவே இல்ல. தலைவராக்கினா உட்காருவார்னு யாரோ சொன்னாங்க. ஆக்கினாங்க. உட்கார்ந்தார்.

பிளம்பர் ஒரு மூடி கொண்டு வந்து காட்டினார். வட்டமா ஒரு இரும்புத் தகடு, ஒரு பக்கம் கீல். ஒவ்வொரு வீட்டு சாக்கடைக் குழாயும் பெரிய குழாயில போய்ச் சேருற இடத்துல அதை மாட்டணும். உள்ளே இருந்து தண்ணி தள்ளினா திறக்கும். வெளியே இருந்து எலி தள்ளினா திறக்காது.

"வெளியே போகலாம், உள்ளே வர முடியாது!" அப்பாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "எங்க ஆபீஸ்ல என் ஃபைல் இப்படித்தான்!"

எட்டு வீடு. எட்டு மூடி. மூடி மாட்டின வீட்டு வாசல்ல 'எலியற்ற இல்லம்'னு ஒரு பச்சை ஸ்டிக்கர். மேல இருந்து ஆரம்பிச்சாங்க. பல் டாக்டர் வீட்டுல மாட்டின அன்னிக்கே எலி போயிருச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. மறுநாள் அவர் எதிர் வீட்டு டியூஷன் டீச்சர் அலறினாங்க. அங்கேயும் மாட்டினாங்க. அடுத்த மாடிக்கு வந்துச்சு. 'எலிகள் படிப்படியாகப் பின்வாங்கி வருகின்றன'ன்னு அப்பா அறிவிப்புப் பலகையில எழுதினார். பொய் சொல்லக் கூடாது, படிப்படியாத்தான் வந்துச்சு. நம்ம வீட்டுப் படி நோக்கி.

ரெண்டாவது மாடி இன்சூரன்ஸ் மாமாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "சார், மேல் வீட்டு எலியை என் வீட்டுக்குத் தள்ளி விட்டிருக்கீங்க"ன்னு சண்டைக்கு வந்தார்.

"அது மேல் வீட்டு எலின்னு எப்படிச் சொல்றீங்க? உங்க வீட்டுக்குள்ள வந்த பிறகு அது உங்க எலி"ன்னார் அப்பா. "வேணும்னா சோப்பைக் கொண்டு வாங்க, பல் தடம் ஒத்துப் பார்ப்போம்."

பல் டாக்டர் உடனே கண்ணாடியை மாட்டிக்கிட்டார். இன்சூரன்ஸ் மாமா மூடிக்குப் பணம் கட்டிட்டுப் போயிட்டார். மறுநாளே அவருக்கும் சந்தேகம் தீர்ந்துடுச்சு. எலி கீழ் மாடிக்குப் போயிருச்சு இல்ல? அதுக்கப்புறம் குழுவை அவர் மாதிரி புகழ்ந்தவங்க யாரும் இல்ல.

இப்படி ஏழு வீடும் ஆச்சு. அப்போ எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்குறீங்களா? எங்க வீட்டு வாசல்லயும் ஸ்டிக்கர் இருக்கு. சொல்லப்போனா முதல் ஸ்டிக்கரே எங்களுதுதான். தொடக்க விழா அன்னிக்குப் படம் எடுக்கணும்னு ஒட்டினாங்க. பிளம்பர் அப்போ வந்திருக்கல. படம் எடுத்தாச்சு, கை தட்டியாச்சு, எல்லாரும் டீ குடிச்சுட்டுப் போயாச்சு. விழா முடிஞ்சா வேலை முடிஞ்ச மாதிரிதானே? எங்க மூடி குழுச் செயலாளர் வீட்டு ரெண்டாவது பாத்ரூமுக்குப் போயிருச்சு. "தலைவர் வீட்டுக்கு எலி வர்ற அளவுக்கு நிலைமை மோசமா போகுமா என்ன?"ன்னு அப்பாவே எடுத்துக் கொடுத்தார்.

போயிடுச்சு.

செயலாளரும் பிளம்பரும் எங்க வீட்டு ஹாலுக்கு ரகசியமா வரவழைக்கப்பட்டாங்க. அவசரக் கூட்டம். எல்லாரும் கிசுகிசுன்னு பேசினாங்க. அப்பா சோபா மேல நின்னுக்கிட்டுத் தலைமை தாங்கினார். நடுவுல பாத்ரூம்ல இருந்து சளப்புன்னு ஒரு சத்தம்.

"என்ன சார் அது?" செயலாளர் கேட்டார்.

"பொண்ணு குளிக்கிறா."

"பொண்ணு இதோ நிக்கிறாளே?"

அப்பா என்னை ஒரு முறை முறைச்சார். அங்கே நின்னது என் தப்பு.

அம்மாவுக்குப் பொறுக்கல. "எலிங்க, எலி! உங்க தலைவரோட கேடயத்துக்கு அடியில இருக்கு. ஏழு வீட்டு எலியும் சேர்ந்து இப்போ எங்க வீட்டுக்குத்தான் குடி வருது. வீட்டுல ஒரு மூடி மாட்டத் துப்பில்ல, கட்டடத்துக்குத் தலைவராம்!"

செயலாளர் துளிகூட அதிரல. "நாளை மறுநாள் மாநகராட்சி அதிகாரி வர்றார். 'எலியற்ற கட்டடம்'னு வாசல்ல பலகை திறக்கப் போறார். அதுக்குள்ள முடிச்சுடணும். மூடி இருக்கா?"ன்னு பிளம்பரைக் கேட்டார்.

பிளம்பர் பையைத் துழாவினார். "கடையில சரக்கு இல்ல, வர ஒரு வாரம் ஆகும். ஆனா கையில ஒண்ணு இருக்கு சார். மோட்டார் அண்ணன் ரூமுக்குன்னு வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில மாட்டுறதா இருந்துச்சு."

மோட்டார் அண்ணன் யாருன்னா, எங்க தண்ணி மோட்டாரைப் போட்டு நிறுத்துறவர். மாடிப்படிக்கு அடியில ஒரு ரூம்ல அவரும் அவர் சம்சாரமும் இருக்காங்க. அவங்களை நான் அக்கான்னு கூப்பிடுவேன். போன மாசம்தான் பாப்பா பொறந்துச்சு. அந்த ரூம்ல கமோடெல்லாம் கிடையாது. மூலையில தண்ணி போக ஒரு ஓட்டை, அதுவும் அதே பெரிய குழாய்க்குத்தான் போகுது. அக்கா அதுல துணியைச் சுருட்டி அடைச்சு, மேல செங்கல் வச்சிருக்காங்க. தண்ணி ஊத்தும்போது எடுக்கணும், அப்புறம் வைக்கணும். மத்தியானம் நான்தான் அவங்ககிட்ட பெருமையா சொன்னேன், "நாளைக்கு உங்க ரூமுக்கும் மூடி வருதுக்கா, அப்பா சொல்லிட்டார்"னு. அப்பா நிஜமாவே சொல்லியிருந்தார்.

"அதை இங்க மாட்டிடுங்க"ன்னார் அப்பா.

"அப்பா! அந்த ரூம்ல பாப்பா இருக்குப்பா!"

"குழு கூட்டத்துல குழந்தைங்க பேசக் கூடாது."

"எல்லா வீட்டையும் மூடிட்டா எலி அங்கதானேப்பா போகும்? வேற ஓட்டையே கிடையாது!"

எல்லாரும் பிளம்பரைப் பார்த்தாங்க. அவர் சுத்தியலைத் துடைச்சுக்கிட்டே, "எலி மனசுல என்ன இருக்குன்னு நாம எப்படிம்மா சொல்ல முடியும்?"னார்.

அப்பா சோபாவுல இருந்து இறங்கினார். குரலைக் கொஞ்சம் தணிச்சார். அந்தக் குரல்ல பேசினா அவருக்கே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். "இங்க பாரும்மா. நம்ம தீர்மானம் என்ன? 'எல்லா வீடுகளும் எலியற்ற வீடுகளாக்கப்படும்.' எத்தனை வீடு? எட்டு. நம்ம வீட்டோட எட்டும் முடிஞ்சுது. அது வீடு இல்லம்மா. படிக்கு அடியில ஒரு இடம்."

"கட்டட வரைபடத்துல அது 'சாமான் அறை'"ன்னு செயலாளர் எடுத்துக் கொடுத்தார்.

"அப்போ பாப்பா சாமானா மாமா?"

"வயசுக்கு மீறிப் பேசுறா உங்க பொண்ணு."

நான் அம்மாவைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் வாய் ஓயாம பேசின அம்மா இப்போ பாத்ரூம் பக்கம் பார்த்தாங்க. மறுபடியும் சளப்புன்னு சத்தம். அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "காலையில சீக்கிரம் வந்துடுங்க"ன்னு பிளம்பர்கிட்ட சொன்னாங்க.

தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சு. என் கை கணக்குல வராது, எனக்கு ஓட்டு இல்ல. இதுலயும் ஒரு நல்லது இருக்கு பாருங்க. எங்க குழு மாதிரி நேர்மையான குழுவை நீங்க பார்க்க முடியாது. எந்த எலியையும் கொல்லல, விஷம் வைக்கல, பொறி வைக்கல. அதுங்களுக்கு ஒரு வீட்டைக் காட்டிக் கொடுத்திருக்கோம். அவ்வளவுதான்.

கூட்டம் முடிஞ்சதும் குப்பைப் பையைத் தூக்கிக்கிட்டுக் கீழே போனேன். மூடியை எடுத்து ஒளிச்சு வச்சுடலாமான்னு நினைச்சுக்கிட்டேதான் போனேன், ஆனா அது பிளம்பர் பையில போயிருச்சு. மூடி இல்லாம எங்க வீட்டுக்கே எலி வரட்டும்னு சொல்ற தைரியமும் எனக்கு இல்லைன்னு பாதிப் படியில தெரிஞ்சுடுச்சு. அந்தத் தலை ஞாபகம் வருது. ஈரமா.

ரூம் வாசல்ல அக்கா பாப்பாவைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு நின்னாங்க. உள்ளே தரையில பாய் விரிச்சிருந்துச்சு. பாய்க்குப் பக்கத்துலயே அந்த செங்கல். பாப்பா குட்டிக் கையை மூடி மூடித் திறந்துச்சு.

"வா பாப்பா"ன்னாங்க அக்கா. என்னையும் பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. "உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். அப்பாகிட்ட ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லும்மா. நேத்து ராத்திரி முழுக்க எலி உள்ளே இருந்து செங்கல்லைத் தள்ளுச்சு, நான் தூங்கவே இல்ல. இன்னிக்கு ஒரு ராத்திரிதானேன்னு இப்போ நிம்மதியா இருக்கு. பிளம்பர் தட்டுற சத்தத்துல இது பயந்து அழும். அவர் வர்ற நேரத்துக்கு இதைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிடுறேன். எத்தனை மணிக்கு வர்றார்னு கேட்டுச் சொல்றியா?"

கேட்டுட்டு வர்றேன்க்கான்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். கீழே லைட் இன்னும் எரியுது. காத்துக்கிட்டு இருக்காங்க. நான் போய் எத்தனை மணின்னு சொல்றது?