சஹன்ல என்ட பக்கம்

இனிச் சொல்லப்போறது ஒவ்வொரு சொல்லும் உண்ம. ஒண்டு பொய்யா இருந்தா, என்ட வாடில காயுற கருவாடு முழுக்க இண்டைக்கே மழைல நனையட்டும். வானத்த அண்ணாந்து பாத்திட்டுத்தான் சத்தியம் பண்ணுறன். நான் என்ன மடையனா.

என்ட பேர் செய்னுலாப்தீன். கற்பிட்டில கருவாட்டு யாவாரம். நாலாம் வகுப்பு வரைக்கும் படிச்சன். அதுக்கு மேல படிச்சா வாத்தியார்ட ஒடம்புக்கு ஆகாது எண்டு விட்டுட்டன். மரக்கறிக்கும் எனக்கும் பழைய பகை. எங்கட வீட்டில மரக்கறி எண்டா இறைச்சிக் கறிக்குள்ள கிடக்கிற கறிவேப்பில. அதையும் தூக்கி ஓரமா வைக்கிற ஆள் நான்.

போன மாசம் என்ட பொஞ்சாதி றம்ஸியாட கூடப்பொறந்த நானா முத்தலிபு, கொழும்பில இருந்து குடும்பத்தோட வந்து இறங்கினார். அவர், அவர்ட மனிசி பளீலா, கெம்பஸ் படிக்கிற மகள் ஷிம்லா. ஞாயித்துக்கிழம பகல் றம்ஸியா மாட்டிறைச்சி ஆக்கி, இறால் பொரிச்சு பரத்தி வச்சிட்டா. நான் கையக் கழுவிட்டு வந்து பாக்கிறன், ஷிம்லா வெறுஞ்சோத்தில மாசிக் கருவாடு போடாத சம்பலப் போட்டுப் பிசையுது.

"என்ன மகள், வயித்துக்குச் சரியில்லையா?"

"நான் வீகன் மாமா."

"அது என்ன வருத்தம்?"

"வருத்தம் இல்ல மாமா. உசிருள்ளது ஒண்டையும் சாப்புட மாட்டன். அதுகள்ல இருந்து வாறதையும் சாப்புட மாட்டன்."

"மீன்?"

"இல்ல."

"கருவாடு? அது மவுத்தாகி ரெண்டு கிழம ஆச்சே."

"இல்ல மாமா."

"முட்ட, பால், தேன்?"

"தேன் தேனீட உழைப்பு மாமா. அதப் பறிக்கப்படாது."

"அப்ப தேங்கா? முந்தல் பக்கம் போய்ப் பாரு. மரம் ஏறுறவன்ட நெஞ்சில ஒரு மயிர் மிச்சமில்ல."

புள்ள சிரிச்சுது. பளீலா மச்சி சிரிச்சா. றம்ஸியா மட்டும் சிரிக்கல்ல. அவ என்னப் பாக்காம சட்டியப் பாத்தா. அவ சட்டியப் பாத்தா ஏதோ வேகுது எண்டு அர்த்தம்.

"கடற்கரைல ஜூலியானா சாப்பாட்டுக் கட ஒண்டு போட்டிருக்காளாம்," எண்டா. "பட்டத்தப் புடிச்சிட்டு கடல்ல வழுக்கிற வெள்ளக்காரர் எல்லாம் அங்கதான் சாப்புடுறாங்களாம். ஷிம்லாட சாப்பாடுதானாம் முழுக்க. நாளைக்கு எல்லாரும் போவம்."

நான் உடன என்ட பதில எடுத்தன். வெளிய சாப்புடுவம் எண்டு அவ எப்ப கேட்டாலும், பதினெட்டு வருஷமா நான் குடுக்கிற பதில். செலவில்லாத பதில்.

"அங்க ஹலாலோ என்னமோ, யாருக்குத் தெரியும்?"

"அங்க வெட்டுறது வாழப்பூவும் பலாக்காயும். அதில ஹராமான பக்கம் எது?"

பதினெட்டு வருஷம் உழைச்ச பதில், ஒரு வாழப்பூவில செத்துப் போச்சு.

இலையத் தின்னுறத்துக்கு நான் என்ன ஆடா. மூளையப் போட்டுக் கசக்கினன். நாளைக்கு என்ன கிழம? திங்கள். எங்கட ஆக்கள்ல பக்தியான மனிசர் திங்களும் வியாழனும் சுன்னத்து நோன்பு பிடிப்பாங்க. அந்தக் கூட்டத்தில நான் இதுவரைக்கும் சேர்ந்ததில்ல. சேர்றத்துக்கு நல்ல நாள் எண்டு பட்டுது.

"அடடா, நாளைக்கு எனக்கு நோன்பாச்சே."

எல்லார்ட கையும் சோத்தில அப்பிடியே நிண்டுது.

"எப்ப இருந்து?" எண்டா றம்ஸியா.

"நாளைல இருந்து."

"அப்ப செவ்வாக்கிழம போவம்."

"செவ்வா காலைல எங்களுக்கு பஸ் தங்கச்சி," எண்டார் முத்தலிபு மச்சான்.

அல்லாஹ் நல்ல மச்சானத் தந்திருக்கான். நான் நெஞ்ச நிமித்தினன்.

"எனக்காக நிக்க வேணாம். நீங்க போயிட்டு வாங்க. நான் நோன்பு எண்டா நோன்பு. சுல்தானே வந்து கையப் புடிச்சு இழுத்தாலும் முறிக்க மாட்டன்."

என்ட கணக்கு சின்னது. அவங்க எல்லாரும் கடற்கரைல புல்லு மேய்வாங்க. நான் வீட்டில ஃப்ரிஜ்ஜத் துறந்து, மிச்ச மாட்டிறைச்சியச் சூடாக்கி, பாணோட தனியா ஒரு பெருநாள் கொண்டாடுவன்.

"சரி," எண்டா றம்ஸியா. இவ்வளவு கெதியா அவ சரி எண்டா ஒரு மனிசன் பயப்படணும். நான் படல்ல. "ஆனா வேன் ஓட்ட ஆள் வேணுமே. நீங்கதான் ஓட்டிட்டு வரணும். நோன்பாளி ஸ்டேரிங் புடிக்கப்படாது எண்டு ஒரு கிதாபிலயும் இல்ல."

விடியமுந்தி தட்டி எழுப்பி சஹருக்குச் சோறு தந்தா. அரத்தூக்கத்தில ரெண்டு வாய் போட்டுட்டு விழுந்து படுத்திட்டன். பகலைக்குத்தான் மாட்டிறைச்சி இல்ல, காலைலயாவது ரெண்டு துண்டு திம்பம் எண்டு எட்டு மணிக்கு ஃப்ரிஜ்ஜத் துறந்தன். உள்ள ஒண்டும் இல்ல. சட்டி குசினில கழுவிக் கமுத்தி இருக்கு.

"இறைச்சி எங்க?"

"பக்கத்து வீட்டு அஸ்ரியாக்குக் குடுத்திட்டன். நீங்க நோன்பு, நாங்க ஜூலியானாட. கிடந்து கெடட்டுமா?" பொறகு என்னப் பாத்து, "ஏன் கேக்கிறீங்க?"

"சும்மா. சட்டி நல்லா இருக்கா எண்டு பாத்தன்."

சரி, வாடிக்குப் போற வழியில தேத்தண்ணிக் கடைல அமத்துவம் எண்டு வேன எடுத்தன். முத்தலிபு மச்சான் முன் சீட்டில ஏறி இருக்கார்.

"மச்சான்ட வாடியப் பாக்கணும் எண்டு எவ்வளவு நாள் ஆச."

கருவாட்டப் பாக்க ஆசப்பட்ட முதல் கொழும்பான் இவர்தான். கடைக்கு முன்னால நிப்பாட்டி, ஃபோனுக்குக் காசு போடணும் எண்டு இறங்கி, மீன் வச்ச மாலுபாண் ரெண்டு வாங்கி சட்டைக்குள்ள ஒளிச்சன். வந்து ஆளுக்குத் தெரியாம சீட்டுக்குக் கீழ தள்ளினன். மனிசன் இந்தப் பக்கம் திரும்பினா ஒரு கடி கடிப்பம். மனிசன் திரும்பவே இல்ல. ஒரு மணித்தியாலம் சூடமீன் எப்பிடி வெட்டுற எண்டு கேட்டார். அடுத்த மணித்தியாலம் எப்பிடி உப்புப் போடுற எண்டு கேட்டார். கேட்டுக் கேட்டு பகலாக்கிட்டார். வீட்டுக்குத் திரும்பி பொம்புளைகள வேன்ல ஏத்தத்தான் நேரம் இருந்துது.

இப்ப என்ட நிலமைய நீங்களே சொல்லுங்க. நோன்பு பிடிக்கிறன் எண்டு மனசில நிய்யத்து வைக்கல்ல, அதனால நோன்பு இல்ல. திண்டதும் இல்ல. பசி முழுக்க என்ட, நன்ம ஒரு துளி இல்ல.

ஜூலியானாட கட கிடுகுக் கூரை, மணல் தர. ஜூலியானா கந்தக்குளிப் பொம்புள. பத்து வருஷம் இத்தாலில சமையல் வேல செஞ்சு வந்தவ. எங்களக் கண்டதும், "முஸ்லிம் ஆக்கள் குடும்பமா வந்தா நான் கோப்பைல வைக்கிறதில்ல," எண்டு சொல்லி பெரிய சஹன் ஒண்டத் தூக்கி வந்து நடுவில வச்சா.

கலியாண வீட்டில ஆறு பேர் சுத்தி இருந்து ஒண்டா சாப்புடுவாங்களே, அந்தப் பெரிய வட்டத் தட்டு. அதில ஒரு சட்டம் இருக்கு. அவனவன் முன்னால உள்ளத அவனவன் தின்னணும். கோடு இல்ல, ஆனா எல்லாருக்கும் கோடு தெரியும்.

மஞ்சச்சோறு. அதில கஜுவும் முந்திரிவத்தலும். நடுவில பிஞ்சுப் பலாக்காய், பொலஸ் எண்டு சொல்லுவமே, அது. கொறுக்காப் புளி போட்டு, கறுத்து, எண்ண மிதந்து, மாட்டிறைச்சி பாத்தா வெக்கப்படும். மொறுமொறு எண்டு வாழப்பூப் பொரியல். மாங்கா அச்சாறு. வாசம் வந்து என்ட மூக்கில கையப் போட்டு, கழுத்தப் புடிச்சு இழுத்துது. நான் கதிரைய இறுக்கிப் புடிச்சன்.

நாலு பேர் பிஸ்மி சொல்லிக் கைய வச்சாங்க. சஹன்ல என்ட பக்கம் மட்டும் ஒரு மல மாதிரி அப்பிடியே நிக்குது.

"மாமா, வாசமாவது புடிங்க," எண்டுது ஷிம்லா.

"நோன்பாளிக்கு வாசம் ஆகாது மகள், மக்ரூஹ்," எண்டன். அது எந்தக் கிதாப் எண்டு எனக்கும் தெரியாது.

மூணாவது வாயில முத்தலிபு மச்சான்ட சுட்டுவிரல் கோட்டத் தாண்டினது. நான் கண்டன். முதல் ஒரு கஜு போச்சு. பொறகு ஒரு பொலஸ் துண்டு.

"கோவிக்காதீங்க மச்சான். ஆறினா வீணாப் போகும்."

மலைல பாதி சரிஞ்சுது. எனக்குத் தாங்கல்ல. "ஃபோன் கோல் ஒண்டு எடுத்திட்டு வாறன்," எண்டு வேனுக்கு ஓடி, சீட்டுக்குக் கீழ கைய விட்டன். பழைய சாக்கு. ஒரு செருப்பு. மாலுபாண் இல்ல. சாக்க ரெண்டு தரம் உதறினன். இல்ல எண்டா இல்லதான்.

திரும்பி வந்து இருந்தன். என்ட முகம் எப்பிடி இருந்ததோ, முத்தலிபு மச்சானுக்கு இரக்கம் வந்திட்டுது.

"மச்சான், சுன்னத்து நோன்புதானே. விருந்தாளி மனசுக்காக முறிக்கலாம் எண்டு எங்கட பள்ளி ஹஸரத்தே சொல்லிருக்கார். ஒரு வாய் வைங்க."

கண்ணில தண்ணி வந்திட்டுது எனக்கு. என்ன மார்க்கம், என்ன மச்சான். "நீங்க இவ்வளவு சொல்லுறதால..." எண்டு சட்டைக் கைய மடிச்சன்.

"வேணாம் நானா," எண்டா றம்ஸியா. "அவர வற்புறுத்தாதீங்க. நேத்து சுல்தான் வந்தாலும் முறிக்கிறதில்ல எண்டு உங்கட முன்னாலதானே சொன்னார். நீங்க சுல்தானா?"

"அதுவும் சரிதான்," எண்டு மச்சான் என்ட பக்கத்தில இருந்து இன்னொரு துண்ட எடுத்தார்.

மடிச்ச கைய என்ன செய்ற. "முகம் கழுவிட்டு வாறன்," எண்டு எழும்பி, கடைக்குப் பின்னால சுத்தி, குசினி வாசல்ல போய் நிண்டன். ஜூலியானா கரண்டியோட திரும்பினா.

"தங்கச்சி, அந்தப் பொலஸ்ல ஒரு கரண்டி. கைலயே வை."

"ஐயோ நானா, என்னால ஏலாது. றம்ஸியா ராத்தா வந்த உடனேயே சொல்லிட்டா. 'அவர் குசினிப் பக்கம் வருவார், ஒண்டும் குடுத்திடாத, நோன்ப முறிச்ச பாவம் உனக்கு வந்திடும்' எண்டு. நான் தவக்காலத்திலயே கவனமா இருக்கிறவ."

"தங்கச்சி, கிட்ட வா. நான் நோன்பே இல்ல."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

"மரக்கறிக்குப் பயந்து."

"இப்ப?"

"இப்ப பயம் போச்சு. ஒரு கரண்டி."

ஜூலியானா என்ட தோளுக்கு மேல பாத்தா. திரும்பினன். கை கழுவுற தண்ணித் தொட்டிகிட்ட றம்ஸியா நிக்கிறா, அஞ்சு விரல்லயும் மஞ்சச்சோத்தோட.

"நல்ல சத்தமாச் சொல்லுங்க. நானாக்கும் கேக்கட்டும்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"'நாளைல இருந்து' எண்டீங்களே, அப்பவே."

"மாலுபாண்?"

"கருவாட்டு வேன்ல பாண் வாசம் வந்தா எனக்குத் தெரியாதா? இஞ்ச வர வெளிக்கிடக்குள்ள அஸ்ரியாட புள்ளைகளுக்குக் குடுத்திட்டன்."

அஸ்ரியாட வீட்டில அண்டைக்கு நல்ல சாப்பாடு. நான் வாயத் துறக்க முந்தி றம்ஸியா கொரலத் தணிச்சா.

"பதினெட்டு வருஷமா ஹலால் ஹலால் எண்டு என்ன குசினிக்குள்ளயே வச்சிட்டீங்க. இண்டைக்குத்தான் நான் ஆக்காத சோத்தத் தின்னுறன். என்ட நானாக்குப் பக்கத்தில இருந்து. சட்டி கழுவுற யோசன இல்லாம. அதுக்கும் ஒரு பொய் சொல்லி நிக்கிறீங்க."

பசிய விட அது நல்லாக் கடிச்சுது. "சரி, என்ன செய்யணும்?"

"உள்ள போய் நோன்பாளி மாதிரி நல்ல முகத்தோட இருங்க. நானாட முன்னால என்னக் கேவலப்படுத்தாதீங்க. இனி மாசம் ஒருக்கா என்ன இஞ்ச கூட்டி வரணும்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

"மஃரிபுக்கு நோன்பு துறக்க உங்களுக்கு ஒரு பாசல் கட்டச் சொல்லுறன். போங்க."

கணக்குப் பாத்தா லாபம்தான். அஞ்சு மணித்தியாலம் பல்லக் கடிச்சா, பொலஸ் எனக்கு. மானமும் எனக்கு. நான் சந்தோசமா முகத்தக் கழுவி, மக்காக்கு உம்றா போய் வந்தவன் மாதிரி நடந்து போய் இருந்தன்.

முத்தலிபு மச்சான் என்னப் பாத்த பார்வை சரியில்ல. கண்ணு கலங்கி இருக்கு. கைய நீட்டி என்ட கையப் புடிச்சார்.

"மச்சான், எனக்கு வெக்கமாப் போச்சு. றமழான விட்டா நான் ஒரு நோன்பு பிடிக்கிறதில்ல. நீங்க இவ்வளவு சாப்பாட்டுக்கு முன்னால கல்லு மாதிரி இருந்தீங்க. நாளைக்குப் போறத்த விட்டுட்டன். வியாழக்கிழம உங்களோட சேர்ந்து நானும் நோன்பு பிடிச்சிட்டுத்தான் போவன்."

நான் றம்ஸியாவப் பாத்தன். காப்பாத்து எண்டு கண்ணால கெஞ்சினன். அவ சஹன்ல கடைசி வாழப்பூ ஒண்ட எடுத்து, மெதுவா மெண்டு விழுங்கி, நானாட பக்கம் திரும்பினா.

"வியாழன் மட்டுமா நானா? உசிரும் ஹயாத்தும் உள்ள வரைக்கும் திங்களும் வியாழனும் எண்டு, இப்பதான் குசினி வாசல்ல எனக்கு சத்தியம் பண்ணிட்டு வாறார்."

இதக் கேட்டு வாயத் துறந்து சிரிச்ச ஆக்கள் எல்லாரும், தலைக்கு ஒரு பொலஸ் பாசல் வீதம் இண்டைக்கே கொண்டு வந்து தரணும், மஃரிபுக்குப் பொறகு, வாடிக்கு. வீட்டில குடுத்தா அது அஸ்ரியாட வீட்டுக்குத்தான் போகும், அத நான் கணக்கில எடுக்க மாட்டன்.