வெறுங் கண்ணாடிக்கும் ஒரு பங்கு

செம்மேட்டு நாட்டை ஆண்ட நெடுமுடி மன்னருக்கு முழங்கால் வலி. அந்த நாட்டின் பிற்கால வரலாறு முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அரண்மனைக்குப் பின்னால் படமண்டபம் என்றொரு பெரிய கூடம் இருந்தது. கருங்கல் பாவிய அதன் தரையில் நாடு முழுவதையும் சதுரச் சதுரமான கண்ணாடிச் சில்லுகளாகப் பரப்பி வைத்திருந்தார்கள். வயலுக்குப் பச்சை, மேட்டுக்குச் செம்மண் நிறம், ஏரிக்கு நீலம். எல்லைக்கு அப்பால் உள்ளது நம்முடையது அல்ல என்பதால் அங்கே நிறமே இல்லாத வெறுங் கண்ணாடி. அதன் வழியாகக் கீழே கிடக்கும் கருங்கல் தெரியும். முழுப் படத்தையும் சுற்றிப் பார்க்க அரை நாள் பிடிக்கும். மன்னரின் முழங்காலுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ஆகவே சுருக்கப் படம் செய்தார்கள். நான்கு சில்லுக்குப் பதில் ஒரு சில்லு, அப்படி வந்த நான்குக்கு மறுபடி ஒன்று. இப்படியே சுருக்கிக்கொண்டு போனதில் நாடு ஒரு தாம்பாளத்தில் அடங்கிவிட்டது. முதலில் நான்கில் ஏதோ ஒன்றின் நிறத்தை மட்டும் எடுத்துப் போட்டார்கள். எல்லை ரம்பப் பல்லாகத் தெரிந்தது. "கண்ணைக் குத்துகிறது" என்றார் மன்னர். இனி நான்கு நிறங்களையும் சமமாகக் கலந்து வழவழவென்று செய்ய வேண்டும் என்று ஆணை பிறந்தது.

கலக்கும் வேலை தேனம்மைக்கு. அவள் நாட்டின் தென்கோடியில் இருக்கும் கரைப்புதூர்க்காரி. சில்லுக்கு ஒரு கரண்டி வீதம் நான்கு கரண்டிச் சாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் கலக்கிப் புதுச் சில்லுக்குப் பூச வேண்டும். நாட்டின் நடுப்பகுதி வெண்ணெய்போல வந்தது. ஓரத்துக்கு வந்தபோது கை நின்றது. நான்கில் இரண்டு வயல், இரண்டு வெறுங் கண்ணாடி. வெறுங் கண்ணாடிக்கு எந்தச் சாயத்தை ஊற்றுவது?

படத்துறை அமைச்சர் பூரணலிங்கம் நேரில் வந்து குனிந்து பார்த்தார். "கறுப்பாகத்தானே தெரிகிறது? கறுப்பை ஊற்று."

"அது கீழ இருக்கிற கல்லுங்க. கண்ணாடிக்கு நிறமே கெடையாது."

"சட்டத்தின் முன் எல்லாக் கட்டங்களும் சமம். வெறுங் கண்ணாடிக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறுக்க நீ யார்?"

ஊற்றினாள். கரைப்புதூரின் பச்சை வயல் இரண்டு கரண்டிக் கறுப்பில் கருகிப்போனது.

தாம்பாளத்தைப் பார்த்த மன்னர் முகம் சுளித்தார். நாட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு விளிம்பு. "இது என்ன?"

"ஓரத்து ஊர்களில் ஏதோ ஒரு கறை பரவியிருக்கிறது, அரசே. படம் பொய் சொல்லாது" என்றார் அமைச்சர். சபை ஒரு பகல் கூடி அந்தக் கறைக்குத் துரோகம் என்று பெயர் வைத்தது. கறுப்பாகத் தெரியும் ஊர்களுக்கு, நாடு முழுவதற்கும் தண்ணீர் தரும் பெரிய மதகிலிருந்து தண்ணீர் விடக் கூடாது என்று ஆணை போயிற்று.

பத்தாம் நாள் சிட்டம்மாள் படமண்டபத்து வாசலில் வந்து நின்றாள். தேனம்மையின் அக்கா. மடியிலிருந்து நாற்றுக் கட்டு ஒன்றை எடுத்துத் தரையில் போட்டாள். வைக்கோலாகக் காய்ந்திருந்தது.

"நாங்க என்னடி தப்பு பண்ணோம்?"

கறுப்பை ஊற்றியது தேனம்மையின் கைதான். நேரே அமைச்சரிடம் போனாள்.

"நிறம் இருக்கிற சில்ல மட்டும் சேர்த்துக் கலக்கணுங்க. ரெண்டு இருந்தா ரெண்டு, மூணு இருந்தா மூணு. வெறுங் கண்ணாடியக் கணக்குலயே சேர்க்கக் கூடாது. ஓரமும் வழவழன்னு வரும், கறுப்பும் இருக்காது." கையோடு செய்துகொண்டுபோன சில்லைக் காட்டினாள். கரைப்புதூர் அதில் பச்சைப் பசேலென்று இருந்தது.

அமைச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் வாயில்லாத வெறுங் கண்ணாடியின் உரிமையைப் பறிப்பதா? இதற்கு வாக்கெடுப்பு நடத்த வேண்டும்."

நடத்தினார்கள். சில்லுக்கு ஒரு வாக்கு. நிறமுள்ள சில்லுகளில் குடியிருந்தவர்கள் வெயிலில் நடந்துவந்து தேனம்மையின் முறைக்குக் கை தூக்கினார்கள். வெறுங் கண்ணாடிகளில் ஆளே இல்லாததால் அவற்றின் வாக்குகளை அமைச்சரே பரிவோடு செலுத்தினார். எல்லைக்கு வெளியே வெறுங் கண்ணாடி நிறையக் கிடந்தது. தேனம்மையின் முறை தோற்றது.

அதன்பிறகு கறுப்பு ஊர்களை மண்டபத்துப் பெரிய படத்திலிருந்தே பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறுங் கண்ணாடி பதித்தார்கள். மன்னர் நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த சுருக்கப் படத்தில் அதற்கு உட்புறம் இருந்த ஊர்கள் ஓரமாகியிருந்தன; அவையும் கறுத்தன. "துரோகம் உள்ளே ஊடுருவிவிட்டது" என்றார் அமைச்சர். மதகு அவற்றுக்கும் மூடிக்கொண்டது. அவற்றையும் பெயர்த்தார்கள். தேனம்மை ஒவ்வொரு முறையும் அதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் வாக்கெடுப்பு நடந்தது. வெறுங் கண்ணாடி பெருகப் பெருகப் பெரும்பான்மையும் பெருகியது. நான்காம் முறை அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். சாயம் ஊற்ற வேறு ஆள் கிடைக்காமலா போகும்?

கடைசியில் தாம்பாளத்தில் ஒரே ஒரு சில்லு மிஞ்சியது. நன்றாகக் கறுத்திருந்தது.

"இது எந்த ஊர்?" என்றார் மன்னர்.

அமைச்சர் ஏட்டைப் புரட்டினார். ஊர்ப் பெயர்கள் இருந்தால் ஏடு பார்க்கக் கரடுமுரடாக இருக்கிறது என்று இரண்டு ஆண்டுக்கு முன்பே எண்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். "பதினேழாம் எண், அரசே."

மன்னர் கையெழுத்திட்டார். படம் முழுவதும் பளிங்காகத் துலங்கியது. நாட்டில் இனி ஒரு கறைகூட இல்லை என்று அமைச்சர் அறிவித்தார்.

மறுநாள் காலை அரண்மனையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இல்லை. மன்னர் வலிக்கும் காலோடு மதகுக்கு நடந்தார். மதகுக் காவலன் இருளாண்டி எழுந்து கும்பிட்டான்.

"பதினேழுக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு ஆர்டருங்க. உங்க கையெழுத்துதான், பாருங்க."

மன்னர் மண்டபத்துக்குத் திரும்பி, அந்த ஆணையை ரத்து செய்யச் சொன்னார். அமைச்சர் அங்கே தமக்கென்று மூன்று குடம் தண்ணீர் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார். "வாக்கெடுப்பு இல்லாமல் முடியாது, அரசே" என்று வருத்தத்தோடு சொல்லி, அங்கேயே நடத்தினார். எல்லாச் சில்லும் இப்போது வெறுங் கண்ணாடி. எல்லா வாக்கும் அவர் கையில். முடிவு ஒருமனதாக வந்தது.

மதகுக்குக் கீழே, மணலில் ஊற்றுத் தோண்டியிருந்தார்கள் பெயர்க்கப்பட்ட ஊர்க்காரர்கள். குடங்களோடு வரிசை நீண்டிருந்தது. தேனம்மை சிரட்டையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். சிட்டம்மாள் வரிசையைப் பார்த்துக்கொண்டாள்.

கையில் ஒரு வெள்ளிக் குடத்தோடு மன்னர் அவள்முன் வந்து நின்றார். "அம்மா, நான் துரோகி இல்லை."

சிட்டம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாங்களும் அதத்தாங்க சொன்னோம். போயிக் கடைசில நில்லுங்க."