சின்னக் கிட்டாருக்கு எந்தக் கம்பி?

கம்பி அறுந்த சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தபோது, மேனேஜர் ஒரு கையில் கிட்டாரும் மறு கையில் ஒற்றைச் சாக்ஸுமாக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சாதித்துவிட்ட களை.

"என் சாக்ஸ்மா. ஊதாக் கோடு போட்டது. இதோட ஜோடி அலமாரியில தனியா கிடக்கு."

"எங்கே இருந்துச்சு?"

"இந்தக் கிட்டார்லதான் மாட்டிக்கிட்டு இருந்தது. இழுத்தேன், கம்பி போச்சு."

"அம்மா தூசி துடைக்க எடுத்திருப்பாங்க."

கல்யாணமானதிலிருந்தே அவருக்குச் சாக்ஸ் ஒற்றை ஒற்றையாகத்தான் தொலையும். வாஷிங் மெஷின் மேல் சந்தேகப்பட்டு, மெக்கானிக்கை வரவழைத்து அதன் வயிற்றைப் பிரித்துக்கூடப் பார்த்துவிட்டார். இப்போது மெஷினிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சாக்ஸைத் துவைக்கப் போட்டார். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் ஜோடி சேர்ந்தது அது ஒன்றுதான்.

கிட்டார் மனைவியுடையது. உடம்பு சின்னது; பார்ப்பவர்கள் குழந்தைக்கு வாங்கியதா என்று கேட்பார்கள். மாலையில் அவர் ஆபீஸிலிருந்து வந்து, சோபாவில் சாய்ந்து முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டதும் உள்ளறையிலிருந்து அது கேட்க ஆரம்பிக்கும். தூரத்தில் யாரோ நமக்குப் பிடித்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது மாதிரி. அப்படியே தூங்கிப்போவார். அவள் போனதோடு அந்தத் தூக்கமும் போயிற்று. சத்தத்தை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. தினமும் கேட்பதை யார் பதிவு செய்கிறார்கள்?

மகளுக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்புகிறாள். அதற்குள் அம்மாவின் சத்தத்தை வாசித்து, போனில் பதிந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

பழைய கம்பிகளை மொத்தமாக மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போனார்கள்.

"என்ன கேஜ் சார்?" என்றார் கடைக்காரர்.

மேனேஜர் மகளைப் பார்த்தார்.

"கம்பியோட தடிமன்பா. பதினொண்ணு குடுங்கண்ணே, லைட். சின்ன உடம்பு, இழுப்பு அதிகமானா தாங்காது."

அன்று மாலை மேனேஜர் முறைப்படி சாய்ந்து, முறைப்படி பேப்பரைப் போட்டுக்கொண்டார். மகள் மீட்டினாள். வீடு முழுக்க விளக்கைப் போட்ட மாதிரி கணீரென்று கேட்டது. பேப்பர் இறங்கியது.

"இது உங்கம்மா இல்ல."

"அதே பாட்டுதான்பா."

"பாட்டு அதேதான். சத்தம் வேற. கல்யாணமான புதுசுல அவளும் இப்படித்தான் கணீர்னு வாசிப்பா. ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து வந்து, 'தலை வலிக்குது, கொஞ்சம் மெதுவா'ன்னேன். ஒரே வார்த்தை. மறுநாளே கை பக்குவமாயிடுச்சு."

அதை அவர் பெருமையாகவே சொன்னார்.

தடிமனான போர்வை சத்தத்தை அமுக்கும், ஆகவே தடிமனான கம்பியும் அமுக்கும் என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. மகள் தடுத்தும் கேட்கவில்லை.

"மீடியம்னா பதிமூணு சார்," என்றார் கடைக்காரர்.

"மீடியம்தானே? என் சட்டையும் மீடியம்தான்."

"அது அந்தக் காலம்," என்றாள் மகள்.

பதிமூன்றில் சத்தம் அமுங்கவில்லை, இன்னும் பருத்தது. மகளின் விரல் நுனி தோலுரிந்தது. மறுநாள் பார்த்தால், கம்பிகளைக் கட்டியிருந்த இடத்தில் மரம் புடைத்துக்கொண்டிருந்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"இந்த உடம்புக்கு இது ஆகாது சார். தொப்பை விழுந்திருச்சு பாருங்க."

மேனேஜர் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கிட்டாருக்குச் சொன்னேன் சார்."

சரி, இழுப்புதானே பிரச்சினை என்று முறுக்காணிகளைத் தளர்த்திப் பார்த்தார். கம்பிகள் தொய்ந்து கட்டையில் உரசி, கர்ரென்றன.

"உங்கம்மா குறட்டையே விட்டதில்லையே."

"அது நீங்கப்பா."

பத்து வாங்கினார்கள். இருப்பதிலேயே மெல்லிசு. கிட்டாருக்குள் கொசு புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. சனிக்கிழமை மறுபடி பதினொன்றுக்கே வந்து சேர்ந்தார்கள். கடைக்காரர் இப்போதெல்லாம் அவர்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்.

அன்று மாலை ஆபீஸிலிருந்து வந்தவர், ஷூவை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். மகள் மூன்று விரலில் பிளாஸ்திரியோடு வாசித்தாள். அதே கணீர்.

"போதும்மா. விரலைப் பாரு."

"இன்னொரு தடவை முயற்சி பண்றேம்பா."

"வேண்டாம்." அவர் பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "முகத்துக்கு போட்டோ இருக்கு. சத்தம் என் காதுல மட்டும்தான் இருந்துச்சு. இத்தனை சத்தத்தைப் போட்டுக் குழப்பினதுல, இப்ப அதுவும் சரியா ஞாபகம் வர மாட்டேங்குது."

மகள் கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா, கழுத்தில் அளவு டேப்போடு.

"சத்தம் அதிகமா இருக்காம்மா? நிறுத்திட்டோம்," என்றார் மேனேஜர்.

"ஐயோ, நிறுத்தாதீங்க சார். அதைச் சொல்லத்தான் வந்தேன். கம்பியை இனிமே மாத்திடாதீங்க. இதுதான் சரி. மத்தியானத்துல மேடம் வாசிச்சா அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். தையல் மெஷினை அப்படியே போட்டுட்டு மேலே வந்து உக்காந்துக்குவேன்."

"மத்தியானமா? அவ சாயங்காலம்தானே வாசிப்பா? அது இப்படி இருக்காதேம்மா. மெதுவா, தூரத்துல கேக்கற மாதிரி..."

"அது நீங்க வந்தப்புறம் சார். படியில உங்க ஷூ சத்தம் கேட்டதும் சட்டுனு நிறுத்துவாங்க. கம்பிக்கு அடியில துணியை அடைச்சுட்டுத்தான் மறுபடி ஆரம்பிப்பாங்க. 'அவருக்குத் தலை வலிக்கும்'பாங்க."

"என்ன துணி?" என்றாள் மகள்.

தையல்காரம்மா அறையைச் சுற்றித் தேடினாள். பார்வை கடைசியில் மேனேஜரின் பாதத்துக்கு வந்து நின்றது.

"இதோ, சார் கால்ல போட்டிருக்காரே ஊதாக் கோடு, இதுல ஒண்ணுதான்."