குலுக்கலில் குணமான அணில்

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கும் ஓர் இலுப்பை மரத்தில், கோதண்டம் என்ற அணில் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தது. டவர் கிடைத்ததுதான் வினையாகப் போயிற்று. நரி நடத்திய போன் ரம்மியில் சேர்த்துவைத்த கொட்டையெல்லாம் போய், பொந்து ஒன்றுதான் மிச்சம்.

பெண்டாட்டி பூரணி சிங்கராஜாவிடம் ஓடி அழுதது. "ராஜா, பொந்தையும் வெச்சு ஆடிட்டா, மழைக்கு என் மூணு பிள்ளைங்களும் எங்கே ஒதுங்கும்? நரியோட கடையை மூடுங்க!"

சிங்கம் கண்கலங்கி, அதிர்ஷ்ட ஆட்டங்களுக்குத் தடை போட்டது. நரி பதறவேயில்லை. "என்னுது திறமை ஆட்டம் ராஜா. தோத்தவனுக்குத் திறமை பத்தலை, அவ்வளவுதான்" என்றது. அதுவும் சரிதான் என்று தலையாட்டிவிட்டது சிங்கம், மகாராஜன்!

ஆனாலும் குடிமக்கள் ஆரோக்கியம் முக்கியமில்லையா? மறுவாரமே சூதாட்ட நோய்ச் சிகிச்சை மையம் திறந்தார்கள். டாக்டர் ஓர் ஆந்தை. நாளுக்கு ஒரு நோயாளியைத்தான் பார்க்கும். வரிசையில் நின்றதோ முந்நூறு பேர்.

"அடிச்சுக்காதீங்க. வீட்டுமனைக்குப் போடுற மாதிரி குலுக்கல் போட்டுடலாம்" என்றது சிங்கம். குலுக்குவதற்கு டெண்டர் விட்டார்கள். முன் அனுபவம் கட்டாயம் என்று போட்டிருந்ததால் ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. வேறு யார், நரிதான்.

எட்டு நாள் கால்கடுக்க நின்றும் கோதண்டத்தின் பதினேழாம் நம்பர் வரவில்லை. ஒன்பதாம் நாள், பானைக்குள் கையை விட்டபடியே நரி கேட்டது: "சும்மாதானே நிக்கிறீங்க கோதண்டம், ஒரு பந்தயம். இன்னைக்கு உங்க நம்பர் வருமா, வராதா?"

"எட்டு நாளா வராத சனியன் இன்னைக்கா வரப்போகுது? வராது! என் பொந்தையே வைக்கிறேன்!"

"அடப்பாவி, பிள்ளைங்க படுக்கிற இடம்யா அது!" என்று பூரணி கத்தியது.

"சும்மா இருடி. இதுல தோக்கவே முடியாது."

நரி சீட்டைப் பிரித்தது. "பதினேழு! வாழ்த்துகள், உள்ளே போங்க."

ஆந்தை படிவத்தை எடுத்தது. "நிரந்தர முகவரி?"

கோதண்டம் வாசலைப் பார்த்தது. தூறல் ஆரம்பித்திருந்தது. பூரணி மூன்று பிள்ளைகளையும் வாலுக்கடியில் இழுத்துக்கொண்டு நின்றது.

"சரி, அதை விடுங்க. வெச்சு ஆட இனிமே ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க டாக்டர்."

ஆந்தைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 'நோயாளி முற்றிலும் குணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

நீதி: சூதாட்ட நோய்க்கு அரசாங்க வைத்தியம் கட்டாயம் பலிக்கும், சொத்து தீரும்வரை வரிசையில் நிற்கிற பொறுமைதான் வேண்டும்.