கரப்பான்பூச்சி இங்கிலீஷ்

"ரேம்பன்ட்னு மட்டும் சொல்லிடாதப்பா!" என்று மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன், நல்ல வார்த்தைதானே? நான் அடிக்கடி எழுதுறதாச்சே."

"எதுக்கு எழுதுவ?"

"எலிக்கு."

தெருவில் அவருக்கு மருந்தண்ணன் என்று பெயர். டாக்டர் என்று எண்ணிவிட வேண்டாம். ஓட்டல், பள்ளிக்கூடம், அடுக்குமாடி என்று எங்கே கூப்பிட்டாலும் தோளில் மருந்து டப்பாவை மாட்டிக்கொண்டு போய்க் கரப்பான், எறும்பு, மூட்டைப்பூச்சி என்று ஒன்றுவிடாமல் ஒழித்துக்கட்டுகிறவர். ஒழித்த கையோடு கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் எழுதித் தர வேண்டும். பள்ளிக்கூடத்தில் எட்டிப் பார்க்காத இங்கிலீஷ் இந்த ரிப்போர்ட் வழியாகத்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. ஆகையால் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் ஒரே சங்கதியைப் பற்றியதுதான்: எது, எங்கே, எவ்வளவு மண்டிக்கிடக்கிறது. எறும்பு என்றால் 'காமன்'. கரப்பான் என்றால் 'பிரிவலன்ட்'. எலி கைமீறிப் போய்விட்டால் 'ரேம்பன்ட்'.

இப்போது அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவர் ஒரு மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதுவும் இன்று சாயங்காலத்துக்குள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மனைவிக்குப் பித்தப்பை சீழ்பிடித்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்கிற நிலைமை. பெரிய ஆஸ்பத்திரியின் சர்ஜன்தான் வயிற்றைத் திறந்து உயிரை மீட்டுக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இன்றைக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் வழியனுப்பு விழா, நாளைக்கு அவர் நாட்டைவிட்டே போகிறார். வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று நர்ஸ் போன் பண்ணிச் சொல்லியிருந்தாள்.

"உங்ககிட்ட கருணை நிறைஞ்சு கிடக்குது சார்னு சொல்லணும். அவ்வளவுதான். இதுக்கு ஒரு வார்த்தை இல்லையா உங்க இங்கிலீஷ்ல?" என்றார் மருந்தண்ணன்.

"இருக்குப்பா. ஆனா ரேம்பன்ட் இல்ல. திருட்டு, லஞ்சம், களை, இதெல்லாம் தறிகெட்டு வளர்ந்தா சொல்றது அது." மகள் கல்லூரியில் இங்கிலீஷ்தான் படிக்கிறாள்.

"சரி, பிரிவலன்ட்?"

"அது காய்ச்சலுக்குச் சொல்றது."

"காமன்? சின்ன வார்த்தை, வாயில நிக்கும்."

"உங்க கருணை காமன்னு சொன்னா, தெருவுக்குத் தெரு கிடைக்கிற சரக்குதானேன்னு ஆயிடும்."

உள்ளறையில் படுத்திருந்த மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, பேசாம கும்பிட்டுட்டு வந்துடுங்களேன். ஏன் அந்த மனுஷனையும் படுத்துறீங்க?"

"உன் உயிருக்கு ஒரு கும்பிடுதானா? நீ சும்மா படு!" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார். அவள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து, குறுக்கே பேசாத அந்த நாலு நாளில் வீடு எப்படிக் கிடந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

போகிற வழியில் மைத்துனரைப் போனில் பிடித்தார். மைத்துனர் பெரிய கம்பெனி ஒன்றில் வாசலில் நிற்கிறவர். நாள் முழுக்க இங்கிலீஷுக்குக் கதவு திறந்துவிடுவதால் தனக்கும் அது அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

"இதென்ன பிரமாதம் மச்சான்! ரைஃப். ஒரே வெட்டு, எங்க பாத்தாலும் பரவிக் கிடக்குதுன்னு அர்த்தம். கைண்ட்னஸ் இஸ் ரைஃப்! எங்க ஆளுங்க சொல்லி நானே கேட்டிருக்கேன்."

"என்னத்தைப் பத்திச் சொன்னாங்க?"

"எங்க ஆபீஸ்ல வேலை போகப்போகுதுன்னு கிளம்புன வதந்தியைப் பத்தி."

மருந்தண்ணன் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. அடுப்புக்கு அடியில் படுத்து மருந்தடித்தபடியே ஓட்டல் மேனேஜரைக் கேட்டார். கோட் போட்ட மனிதர், நாலும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை.

"டாமினன்ட்னு போடுங்க. கெத்தா இருக்கும்" என்றார் மேனேஜர்.

அந்தக் கெத்து மருந்தண்ணனுக்கும் பிடித்துப்போயிற்று. மகளுக்குப் போன் போட்டார்.

"வேணாம்ப்பா! மத்த குணத்தையெல்லாம் அடிச்சுப் போட்டுட்டு அது ஒண்ணு மட்டும் மேல ஏறி உக்காந்திருக்குன்னு அர்த்தம் வரும். அப்போ மத்த குணமெல்லாம் என்னன்னு டாக்டர் யோசிப்பாரு."

"ஏம்மா, ஒரு நல்லது நிறைய இருக்குன்னு சொல்ல உங்க இங்கிலீஷ்ல வழியே கிடையாதா? கெட்டதுக்கு மட்டும் வரிசையா வார்த்தை வெச்சிருக்கானுங்க!"

மகள் சிரித்தாள். "அபண்டன்ட்னு சொல்லு. உங்க கருணை அபண்டன்ட். பொருத்தமா இருக்கும். வேற எதையும் சேர்த்துக்காத."

அபண்டன்ட். எந்தப் பூச்சிக்கும் இதுவரை எழுதாத, கை படாத வார்த்தை. மருந்தண்ணனுக்கு அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அடித்த இடத்திலேயே இன்னொரு தடவை அடித்து, அந்தப் புகை அடங்கும்வரை காத்திருந்து, வீட்டுக்குப் போய் நல்ல சட்டை மாற்ற நேரமில்லாமல் போயிற்று. முதுகில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடக்கிற படம் போட்ட கம்பெனிச் சட்டையோடே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"அபண்டன்ட், அபண்டன்ட்..." வழியெல்லாம் அதே ஜபம். லிஃப்டுக்குள்ளும் அதே ஜபம். கதவு திறந்ததும் இறங்கினார், எதிரே ஒரு கூடம் தெரிந்தது, வாசலில் பூங்கொத்து இருந்தது, நுழைந்துவிட்டார்.

உள்ளே பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். பாதி நாற்காலி காலி. மேடையில் வழுக்கைத் தலையோடு தாட்டியான ஒரு மனிதர் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோதெல்லாம் டாக்டர் மூக்கும் வாயும் மூடிய மாஸ்க்கும் தொப்பியுமாகத்தான் இருந்தார். முழு முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார் மருந்தண்ணன். என்ன சாந்தமான முகம்!

"ஐயாவைப் பத்தி யாராவது ரெண்டு வார்த்தை பேசறீங்களா?" மைக்கில் ஒருவர் கேட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். மருந்தண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை உயிரைக் காப்பாற்றிய மனிதர், இவருக்கா இந்த மரியாதை?

விறுவிறுவென்று மேடை ஏறி மைக்கை வாங்கினார். வாயைத் திறந்தார். அபண்டன்ட் வரவில்லை. எங்கே போயிற்றோ போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக இத்தனை வருஷம் எழுதிய ரிப்போர்ட் மடை திறந்ததுபோல் கொட்ட ஆரம்பித்தது.

"சார்! இன் திஸ் பில்டிங், கைண்ட்னஸ் இஸ் ரேம்பன்ட்!"

கூட்டம் நிமிர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அவர் சட்டையைப் பார்த்தார்கள்.

"இன் ஆல் வார்ட்ஸ், பிரிவலன்ட். இன் கிச்சன் ஆல்ஸோ, காமன்."

கிச்சன் என்றதும் இரண்டு பேர் பதறி எழுந்து நின்றுவிட்டார்கள். மேடையில் இருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசக் கூடாது சார்! உங்க அடக்கம் எனக்குத் தெரியும்" என்று கையமர்த்திவிட்டு மருந்தண்ணன் ரிப்போர்ட்டைத் தொடர்ந்தார். "சோர்ஸ், திஸ் மேன். நோ ட்ரீட்மென்ட் ரெக்கமெண்டட். ப்ளீஸ், டூ நாட் கில்."

அதோடு இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது. மனதில் இருந்ததில் கால்வாசிகூட இன்னும் தீரவில்லை. எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதே மறந்துபோயிற்று.

"சார், எந்த வீட்டுக்குப் போனாலும் அங்க இருக்கிற கெட்டதைத் தேடித் தேடி எழுதுறது என் பொழைப்பு. இங்க மூணு வாரம் வந்து போனேன். எங்க தேடினாலும் நல்லதுதான் சார் கிடைச்சுது. என் சம்சாரம் பொழைச்சு எழுந்து இன்னிக்குக் காலையில என்னைத் திட்டினா. அந்தத் திட்டு நீங்க போட்ட பிச்சை சார். உங்க கையால ஆனது. நீங்க எங்க போனாலும் அந்தக் கை நல்லா இருக்கணும்."

கும்பிட்டபடியே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

மேடையில் இருந்த மனிதர் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தவர்போல் தேம்பினார். மருந்தண்ணனின் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். கீழே கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஏப்ரன் கட்டிய பெண்கள் முந்திக்கொண்டு வந்து மைக்கைக் கேட்டார்கள். நான் ஒரு வார்த்தை, நான் ஒரு வார்த்தை என்று வரிசையே நின்றுவிட்டது.

மருந்தண்ணனுக்கு மனது நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டருக்கு எத்தனை மணிக்கு விமானம்?" என்று வரிசையில் முதலில் நின்ற பெண்ணிடம் கேட்டார்.

அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவர் காதருகே குனிந்தாள்.

"டாக்டரோட விழா மேல் மாடியில நடக்குதுண்ணே, இவரு இன்னிக்கு ரிட்டயராகுற எங்க கேன்டீன் சமையல்காரரு. நீங்க வந்து ஆரம்பிக்கலேன்னா, இத்தனை வருஷம் நோயாளிங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்ட மனுஷன் ஒரு நன்றிகூட கேக்காமயே வீட்டுக்குப் போயிருப்பாரு!"