தாரகைக்கு வைத்த பொங்கல்

உத்தரகோசமங்கை அருகில்,
19.2.2005

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு உன் அய்யா பூமிநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இரண்டு மாடுகளும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தையும், கனடாவில் பனி எத்தனை அடி கிடக்கிறது என்பதையும் அறிய ஆசை. உன் அம்மா படத்துக்கு வெள்ளிதோறும் பூ வாங்கிப் போடுகிறேன்.

இந்தக் கடிதம் ஒரு புகார். நீ பரணில் போட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டியில் கரையான் ஏறிவிட்டதா என்று பார்க்கத்தான் இறக்கினேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் படிப்பாயே, அந்த மாயாஜாலத் தொடர் அதில் இருந்தது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நின்றவாக்கில் முதல் பாகத்தைப் புரட்டினேன். புரட்டியவன் உட்கார்ந்துவிட்டேன். போட்டுவிட்ட மோட்டார் நினைவே இல்லை. பக்கத்துக் காட்டுக் கூத்தையாவின் மிளகாய்ச் செடியெல்லாம் தண்ணீரில் நிற்க, அவன் வாசலில் வந்து கத்துகிறான், "ஏண்ணே, காது அடைச்சுப்போச்சா?" எனக்கு அந்த நேரம், பறக்கும் திருக்கை மீன்மேல் ஏறிக் கடலைத் தாண்டுகிற தாரகைதான் முக்கியமாக இருந்தாள். பதினாறு வயசுப் பிள்ளை, யாரிடமும் கேட்காமல் கிளம்பிவிட்டாள். கோபமும் வருகிறது, சபாஷ் என்று சொல்லவும் தோன்றுகிறது.

அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. மிளகாய்ப் பழம் பறிக்க வந்த ராக்கு, "என்னண்ணே, தன்னால பேசிக்கிட்டு வாரீக?" என்று கேட்டாள். வாய் சும்மா இருக்குமா, கதையைச் சொல்லிவிட்டேன். மறுநாள் உலகம்மாள், செவ்வந்தி எல்லாரும் என் காட்டுக்கே பறிக்க வந்துவிட்டார்கள். "திருக்கைக்கு வால்ல முள்ளு இருக்குமே, அந்தப் பிள்ளையக் குத்தாதா?" என்று செவ்வந்தி கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்துப் பதில் சொன்னேன். கூத்தையாவுக்கு ஆளே கிடைக்கவில்லை. அவனும் ஒரு பேய்க்கதை சொல்லிப் பார்த்தான். பேய் யார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டான். நாகலெட்சுமி, மாடுகளிடம் தவிர வேறு யாரிடமும் பேசாமல் எனக்கு எத்தனையோ நாள் போயிருக்கிறது. இப்போது என் வாயைப் பார்த்துக்கொண்டு ஆறு பேர் இருந்தார்கள். நாளைக்கு என்ன சொல்வது என்ற யோசனையில் சோறும் ஒழுங்காக இறங்கியது.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் பாகத்தின் முடிவில் நடுக்கடலில் ஒரு மாயக் கதவு. தாரகை அதைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊருக்குப் போனதும் கதவு சாத்திக்கொள்கிறது. அவள் தகப்பன் கரையில் நிற்கிறான். மூன்றாம் பாகம் பெட்டியில் இல்லை. மீதி தெரியாது என்று நான் சொன்னதும் ஒரே ஒப்பாரி. தாரகை வீடு திரும்ப வேண்டும் என்று ராக்கு அம்மன் கோவிலில் பொங்கலே வைத்துவிட்டாள். வந்தபிறகு வைத்தால் போதாதா என்றேன். "முன்னாடியே வச்சுட்டா ஆத்தாளுக்கு வேற வழியில்லண்ணே" என்கிறாள். பூசாரி இருளாண்டி தட்டைத் தூக்கிக்கொண்டு, "பிள்ளை பேரு தாரகை, சரி. நட்சத்திரத்தச் சொல்லுங்க" என்றார். கதையில் வருகிற பிள்ளைக்கு ஏது நட்சத்திரம்? அத்தனை பெண்களும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அதைச் சொல்ல வாய் வரவில்லை. பூரட்டாதி என்று உன் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன். "பிள்ளை நல்லபடியா வீடு வந்து சேரணும் தாயே" என்று ராக்கு வேண்ட, எல்லாரும் குலவை போட, நான் அழுதுவிட்டேன். கதைக்குப் போய் இப்படி அழுகிறாரே என்று ஊர் இன்னும் சிரிக்கிறது.

ஆகையால் மூன்றாம் பாகம் உன்னிடம் இருந்தால் உடனே வேண்டும். தபாலில் போடாதே, தொலைந்துவிடும். நீயே கொண்டுவா. நான்கு வருஷமாக லீவு இல்லை என்கிறாய். மீதிக் கதை தெரியாமல் ஊரில் அறுவடை நின்றுகிடக்கிறது, புத்தகம் கொடுக்கப் போக வேண்டும் என்று ஆபீசில் கேட்டுப்பார். ராக்கு உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். மங்களநாதர் உன் பக்கம் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
உன் அய்யா
பூமிநாதன்

பின்குறிப்பு: புத்தகம் வேண்டாம். பொறுக்கமாட்டாமல் போன வாரமே ராமநாதபுரம் போய் வாங்கிப் படித்துவிட்டேன். கதவு திறக்கிறது. ஆனால் தாரகை வரவில்லை. அந்த ஊர் பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிடுகிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். தகப்பன் என்ன ஆனான் என்று எழுதியவர் ஒரு வரிகூட எழுதவில்லை. இங்கே யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. "பிள்ளை வந்துருச்சாண்ணே?" என்று ராக்கு தினமும் கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?